பழைய காரின் கார்புரேட்டர்: ஊறவைத்துக் கழுவினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களை வீட்டிலேயே பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இந்தக் கார்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அந்த முயற்சிக்கு முதலில் என் நன்றி. ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் பாகமான கார்புரேட்டரைப் பற்றிய பத்தியில், அதை முழுவதுமாகக் கழற்றித் தின்னரில் ஓர் இரவு ஊறவைத்து, துளைகளை மெல்லிய கம்பியால் குத்திக் காற்றடித்தால் போதும் என்றும், அதன் பிறகும் வண்டி சரியாக ஓடாவிட்டால் வேறொரு காரின் கார்புரேட்டரைப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் கூறப்பட்டிருந்தது. இந்த இரண்டு அறிவுரைகளாலும் நல்ல நிலையில் இருக்கும் பல கார்புரேட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும் என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1972ஆம் ஆண்டின் மார்க் 2 அம்பாசிடர். 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின், அதற்கு எஸ்.யு. கார்புரேட்டர். ஆகவே நான் எழுதுவது பெரும்பாலும் எஸ்.யு. பற்றியே இருக்கும். ஃபியட், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு வாய்த்த சோலெக்ஸ் வேறு அமைப்புடையது என்றாலும், சுத்தம் செய்யும் முறையிலும் எத்தனால் பற்றிய எச்சரிக்கையிலும் வேறுபாடு இல்லை.

எஸ்.யு. கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கும். மேலே மணி போன்ற வடிவில் ஓர் அலுமினிய அறை இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. பிஸ்டனின் அடியில் கூம்பி மெலிந்து செல்லும் ஒரு நீடில், கீழே பெட்ரோல் வெளிவரும் சிறு குழாயான ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் காற்றை அதிகமாக இழுக்க, அந்த உறிஞ்சலால் பிஸ்டன் மேலே எழும்பும். நீடிலின் மெல்லிய பகுதி ஜெட்டுக்குள் வரும். அதைச் சுற்றிய இடைவெளி பெருகிப் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகமாக வரும். மற்ற கார்புரேட்டர்களில் பல ஜெட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும் வேலையை இதில் ஒரே ஜெட்டும் ஒரே நீடிலும் செய்கின்றன. இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இங்கிலாந்தின் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முதலில் வந்த எஸ்.யு.வில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. 1926இல் கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸ் எஸ்.யு. நிறுவனத்தை வாங்கினார். அந்த வழியில்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றிப் பிறந்த நம் அம்பாசிடருக்கும் எஸ்.யு. வந்து சேர்ந்தது.

ஒரே ஜெட், ஒரே நீடில் என்பதால் அந்த இரண்டிலும் தலைமுடி அளவு தேய்மானம் ஏற்பட்டாலும் மைலேஜ், இழுவை, ஸ்லோ ஸ்பீடு (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) மூன்றும் பாதிக்கப்படும். ஜெட்டின் துளை 0.090 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர். இதற்குள் கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளையில் கீறல் விழும்; துளை முட்டை வடிவமாகும். பிறகு எவ்வளவு டியூனிங் செய்தாலும் புகையும் மிஸ்ஸிங்கும் நிற்காது. துளையில் படிந்திருப்பது பெரும்பாலும் காய்ந்து பிசினான பெட்ரோல். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டு, தேவைப்பட்டால் மீன்பிடி நைலான் இழையை உள்ளே விட்டு எடுத்து, காற்றடித்தாலே அது போய்விடும். சோலெக்ஸ் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாக அளந்து துளைத்ததைக் கம்பியால் குத்தி அகலமாக்கிவிட்டு, வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.

தின்னரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் உலோகப் பாகத்தைத் தின்னரில் கழுவுவதால் பெரிய கேடில்லை. ஆனால் எஸ்.யு.வின் எச்.எஸ். வகையில், பெட்ரோல் தேங்கி நிற்கும் அறையான ஃப்ளோட் சேம்பரிலிருந்து ஜெட்டுக்குப் பெட்ரோல் செல்வது ஒரு சிறு நைலான் குழாய் வழியாக. அதன் முனையில் ரப்பர் வளையம் இருக்கிறது. இவற்றோடு சேர்த்து இரவெல்லாம் தின்னரில் போட்டால் ரப்பர் ஊதிப்போய்விடும். மறுநாள் மாட்டியதும் ஒழுகும். சில பட்டறைகளில் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு எடுக்கும் வழக்கமும் உண்டு. அது அலுமினியத்தையே அரித்துத் தின்னும் என்பதால் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. பிஸ்டனுக்கும் அதன் அறைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் உப்புத்தாள், எமரி, மெட்டல் பாலிஷ் எதுவும் போடக்கூடாது. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தொழிற்சாலையில் சோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றின் அறைக்குள் போட்டாலே பொருத்தம் கெடும். மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

கழற்றும்போது முறை தவறாமல் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மூடிய கார் ஷெட்டிலோ, அடுப்பங்கரையை ஒட்டிய முற்றத்திலோ, பூசை விளக்கு எரியும் வீட்டின் தாழ்வாரத்திலோ இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கையுறை கட்டாயம், ஏனெனில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நிறுத்தப்பட்டது, அதற்கு முந்தைய வண்டிகளின் படிவுகளில் ஈயம் இருக்கக்கூடும். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளையும் வாஷர்களையும் வரிசைப்படி போட்டுவைக்க நான் பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். இதைவிட வசதியான தட்டு கடையில் கிடைக்காது.

மேலறையை எடுக்கும் முன் அதற்கும் உடற்பகுதிக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அதே நிலையில் திரும்ப மாட்டலாம். அறையை நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் நீடில் வளைந்துவிடும். வளைந்த நீடிலை நிமிர்த்திப் பயன்படுத்த முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் முனையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என ஏதேனும் ஒரு வண்ணம் பூசியிருப்பார்கள். அது ஸ்பிரிங்கின் பலத்தைக் குறிப்பது. துடைக்கும்போது அந்த வண்ணம் போய்விடலாம் என்பதால் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உள்ள சிறு திருகைத் தளர்த்தினால் நீடில் வெளியே வரும். அதன் தடித்த மேற்பகுதியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்துக் குறியீடு தெரியும். அந்தக் குறியீட்டைக் கொண்டுதான் புதிய நீடில் வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வேறொரு நீடில், ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் வேறுபட்டிருந்தாலும் என்ஜினின் குணத்தையே மாற்றிவிடும்.

இனி, கட்டுரையில் சொல்லாமல் விடப்பட்டதும் என் பார்வையில் மிக முக்கியமானதுமான ஒன்று: த்ராட்டில் சாஃப்ட்டின், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்றுவழியைத் திறக்கும் தட்டைச் சுழற்றும் தண்டின், தேய்மானம். ஐம்பது ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் அழுக்கைவிட இந்தத் தேய்மானமே பெரும்பாலும் நோய். சாஃப்ட் ஆக்சிலேட்டர் இழுப்பால் ஒரு பக்கமாகவே அழுந்தி, உடற்பகுதியின் துளையைத் தேய்த்துவிடுகிறது. அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கி அணைந்துபோகும். மெக்கானிக் ஸ்லோ ஸ்பீடு திருகைக் கூட்டிவிட்டு அனுப்பிவிடுவார். சோதிப்பது எளிது: என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது சாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் விடுங்கள், ஓட்டத்தில் உடனே மாற்றம் தெரிந்தால் காற்று அங்கேதான் புகுகிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான என்ஜின் மீது அதைச் செய்யவே கூடாது.

இதற்கான மருந்து, துளையைச் சரியான அளவுக்கு விரித்துப் பித்தளை புஷ் அடித்துப் புதிய சாஃப்ட் போடுவது. இந்த ஒரு வேலை மட்டும் வீட்டில் முடியாது. நல்ல லேத் பட்டறை வேண்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த பட்டறைகளிலும், கோவையிலும் இந்த நுணுக்கம் கைவந்த பணியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். த்ராட்டில் தட்டைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் திருப்பி மாட்டினால் முழுவதும் மூடாது. அதைப் பிடிக்கும் சிறு திருகுகளின் பிளந்த முனைகளை மாட்டியபின் லேசாக விரித்துவிட வேண்டும். இல்லையென்றால் திருகு கழன்று என்ஜினுக்குள்ளேயே போய்விடும்.

ஃப்ளோட் சேம்பரின் வேலை சிறியது. பித்தளை ஃப்ளோட்டானால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் அலம்பினால் எங்கோ ஓட்டை. சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு (மேலே சொன்ன நீடில் அல்ல) மூடிய நிலையில், ஃப்ளோட்டின் நெம்புகோலுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று டிரில் பிட்டைச் செருகிப் பார்த்துச் சரிசெய்தால் பெட்ரோல் மட்டம் சரியாகிவிடும். இந்த மட்டம் தவறினால்தான் ஓவர்ஃப்ளோ.

இனி எத்தனால். 2023 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் வந்துவிட்டது. கரும்பு, தானிய விவசாயிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் இதனால் கிடைக்கும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் வடிவமைக்கப்பட்ட கார்புரேட்டர், இந்த எரிபொருளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பழைய ரப்பரும் தக்கைப் பேக்கிங்கும் எத்தனாலில் ஊதும் அல்லது நொறுங்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். கார் மாதக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் ஃப்ளோட் சேம்பரின் அடியில் தங்கி, துத்தநாகக் கலவை உலோகத்தை அரித்து வெண்பொடியாகப் பூக்கவைக்கும். பல மாதம் நின்ற வண்டியின் ஃப்ளோட் சேம்பரைத் திறந்தால், சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல் அடியில் படிந்திருக்கும் அந்தப் பொடியைக் காணலாம். பெட்ரோல் டாங்கியில் பல்லாண்டுகளாக ஒட்டியிருந்த பிசினையும் எத்தனால் கரைத்து இழுத்து வருவதால், நன்றாகக் கழுவி மாட்டிய கார்புரேட்டர் ஒரு வாரத்தில் மீண்டும் அடைத்துக்கொள்ளும். டாங்கியைச் சுத்தம் செய்யாமல், புதிய பெட்ரோல் ஃபில்டர் போடாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண்வேலை.

இதோடு நிற்கவில்லை. தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே ஜெட், அதே நீடில் வழியாக 20 விழுக்காடு எத்தனால் கலவை வந்தால், என்ஜினுக்குக் கிடைப்பது தேவையைவிடப் பெட்ரோல் குறைந்த கலவை. மேடு ஏறும்போது திணறுவதும், சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும், என்ஜின் அதிகம் சூடாவதும் இதனால்தான். புதிய கார்களில் கம்ப்யூட்டர் இதைத் தானே ஈடுகட்டிவிடும்; பழைய காரில் நாம்தான் ஈடுகட்ட வேண்டும். எஸ்.யு.வில் ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சற்று இறக்கினாலே கலவை கெட்டிப்படும், அதாவது அதில் பெட்ரோல் கூடும், என்பது பெரிய வசதி. சோலெக்ஸில் ஒரு படி பெரிய ஜெட் போட்டாக வேண்டும். எனினும் நட்டை இறக்குவதன் விளைவு ஸ்லோ ஸ்பீடில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருக்கும் என்பதால், நெடுஞ்சாலையில் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை, நீடிலையே மாற்ற வேண்டியிருக்கும். இளம் பழுப்பு நிறமே சரியானது.

ஆகவே சுத்தம் செய்வதற்கென்று ஒருமுறை கழற்றினால், ரப்பர், பேக்கிங், நீடில் வால்வு அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வால்வின் முனை விட்டான் வகை ரப்பரால் ஆனதாகவும், பெட்ரோல் ஹோஸ் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தர முத்திரை உடையதாகவும் இருக்கட்டும். கறுப்பாக இருக்கும் எல்லா ஹோஸும் ஒன்றல்ல. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது ஜெட்டை மையப்படுத்துவதே உயிர்நாடியான கட்டம். ஜெட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெட்டை மேலே தூக்கிவைத்து, பிஸ்டனை அழுத்தி நீடில் தானாக நடுவில் அமர்ந்த பிறகு நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால், எங்கும் உரசாமல் இறங்கி, ‘டக்’ என்று தெளிவான உலோக ஓசையோடு உட்கார வேண்டும். ஓசை மழுங்கினால் நீடில் ஜெட்டை உரசுகிறது. மீண்டும் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டியதுதான், பொறுமைக்கு மாற்று இல்லை. மேலே டேம்பரில் 20 கிரேடு ஆயில் ஊற்ற மறக்கக்கூடாது. திடீரென்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் ஒரேயடியாக எழாமல் தடுத்து, ஒரு நொடிக்குக் கலவையைக் கெட்டியாக்குவது அந்த ஆயில்தான். மிதித்தவுடன் வண்டி தயங்குகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அங்கே ஆயிலே இருப்பதில்லை.

டியூனிங்குக்கு முன் டாப்பெட் (வால்வு) இடைவெளி, இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இக்னிஷன் கோளாறுக்குக் கார்புரேட்டரைப் பழிசொல்லி அதைத் திருகிக்கொண்டே இருப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. ஜெட்டை முழுவதும் மேலேற்றி, அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பின், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். ஓட்டம் சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. நட்டின் ஆறு முகங்களில் ஒருமுறைக்கு ஒரு முகம் மட்டுமே திருப்ப வேண்டும்.

வேறு காரின் கார்புரேட்டரைப் பொருத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அதன் ஜெட்டும் காற்றுக்குழலும் வேறு என்ஜினின் உறிஞ்சலுக்குக் கணக்கிடப்பட்டவை. நடுவே அடாப்டர் தட்டு செய்து மாட்டி ஓடவைத்தாலும் எல்லா வேகத்திலும் பொருந்தி வராது. மேலும், 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகள், வாகனம் அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. உதிரிபாகம் கிடைக்காது என்று யாரும் அஞ்ச வேண்டாம். எஸ்.யு.வின் பாகங்களை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் இன்றும் புதிதாகத் தயாரிக்கிறது. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கேஸ்கெட் செட்டும் பழைய சரக்கும் கிடைக்கும். பழைய சரக்கில் உள்ள ரப்பரை மட்டும் நம்ப வேண்டாம்.

இதை ஒட்டி இரண்டு வேண்டுகோள்கள். எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் பெட்ரோலில் எத்தனால் எத்தனை விழுக்காடு என்பதைப் பம்பின் மீதே தமிழில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்; மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலை, விலை கூடுதலானாலும், பழைய வாகனங்களுக்காக வைத்திருக்க வேண்டும். தாங்களும் அடுத்து வரும் வாகனப் பகுதியில், கம்பியால் குத்துவதையும் தின்னரில் ஊறவைப்பதையும் பற்றிய அந்த வரிகளுக்குத் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடுமுறை நாட்களில் காரைத் திறக்கும் வாசகர்கள் பலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்கள் என்பதால், திருத்தம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வருவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி